கதவோர நாற்காலி

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

வணக்கம். இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு மட்டும் வலது மணிக்கட்டு வலி வந்து வந்து போகிறது. இருபது வருடம் தட்டச்சு செய்த கை, சும்மா இருக்குமா? உங்கள் முழங்கால் எப்படி? மாடி ஏறுவதைக் குறைத்தீர்களா?

பத்திரிகையில் உங்களைப் பார்த்தேன். நானாக வாங்கவில்லை. நீதிமன்றத்தில் என் பக்கத்து மேஜைக்காரி மதிய இடைவேளையில் கொண்டுவந்து விரித்தாள். "யாரோ ஒரு கவுன்சிலராம், பொம்பளைங்களை எப்படிப் பேச வைக்கிறாங்கன்னு பக்கம் பக்கமா போட்டிருக்காங்க பாரு" என்றாள். "இது எங்க அண்ணி" என்றேன். "அட, இத்தனை நாளா சொல்லவே இல்லையே" என்று உங்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை. அண்ணனுடைய மனைவி, ரத்த சம்பந்தம் கிடையாது என்று சொல்லி வைத்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது. அப்பாவின் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேஜையின் இடது ஓரத்து மைக்கறைகூடத் தெரிகிறது. கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குத் தயாரானபோது நான் கொட்டியது. அப்பா திட்டவில்லை. "வக்கீலு, பேசும்போது கையை ஆட்டாதே" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ஒட்டிய பெயர். வக்கீல்கள் பேசுவதைத் தட்டச்சு செய்கிற வேலைக்கு வந்த பிறகும் நீங்கள் யாரும் அதை மாற்றவில்லை.

கட்டுரையை மூன்று முறை படித்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் அண்ணன் உங்கள் பெயரைக் கொடுத்தது, உங்கள் நாற்காலியில் அவரே உட்கார்ந்து நீங்கள் பின்னால் நின்று கையெழுத்துப் போட்டது, எதையும் மறைக்கவில்லை. பாராட்ட வேண்டியதுதான். கதவோர நாற்காலியும் வந்திருக்கிறது. நீங்கள் நடத்தும் வார்டுக் கூட்டத்தில் எந்தப் பெண்ணாவது "எங்க வீட்டுக்காரர் வேணாம்னு சொன்னார்" என்றால், அவள் எழுந்துபோய்க் கதவோரம் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, அவரைப் போலவே பேசிக் காட்ட வேண்டும். பிறகு தன் இடத்துக்குத் திரும்பி, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். படித்தவுடன் எல்லாருக்கும் பிடித்துவிடும். பக்கத்து மேஜைக்காரிக்கும் பிடித்தது.

"இந்த யோசனை எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். "அதுவா தோணிச்சு" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அதுவாகத் தோன்றுவது பெரிய வரம் அண்ணி. எனக்கெல்லாம் உட்கார்ந்து யோசித்தால்தான் வரும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நாத்தனார்

—

பிப்ரவரி 24

வக்கீலுக்கு,

நல்லா இருக்கேன், நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும். முழங்கால் என்கிட்ட இருக்குன்னு தினமும் ஞாபகப்படுத்துது. மாடி ஏறாம எப்படி? ஜனங்க மாடியிலதானே குடியிருக்காங்க. நீ மணிக்கட்டுக்குப் பட்டி போடு.

போன்ல பேசியிருக்கலாம்னு உன் வீட்டுக்காரர் சிரிப்பார். அந்தக் காலத்துல போன் உன் அண்ணன் சட்டைப்பையில இருந்தது, அதனால லெட்டர் எழுதப் பழகினோம். இப்ப என்கிட்டயே போன் இருக்கு. ஆனா உன்கிட்ட வாயால பேச வரமாட்டேங்குது, கையாலதான் வருது.

நாற்காலி விஷயம். உன் பேரைச் சொன்னேன். நிருபர் பொண்ணு இடமில்லைன்னு வெட்டிட்டா. முதல் வருஷம் நான் "அவர் என் நாற்காலியில உட்கார்றார், நான் நிக்கிறேன்"னு அழுது எழுதினதுக்கு, "அவருக்குத் தனியா ஒண்ணு போடுங்க, கதவோரமா"ன்னு நீ எழுதின லெட்டர் இன்னும் பீரோவுல இருக்கு. எதிர்க்கட்சிக்காரன் நாற்காலியில உட்கார்ந்து அவன் பேச்சையும் பேசிப் பார்க்கணும், காலேஜ்ல அப்படித்தான் பழகினேன்னு நீ எழுதியிருந்த. எல்லாம் இருக்கு.

போன கூட்டத்தை நீ பார்த்திருக்கணும். நம்ம தையல்காரி, தெரு விளக்கு மனுவுல கையெழுத்துப் போட வீட்டுக்காரர் விடலைன்னா. போய் உட்காருன்னோம். காலை அகட்டி உட்கார்ந்தா, தொண்டையைச் செருமினா, "எதுக்குடி விளக்கு? இருட்டினப்புறம் உனக்குத் தெருவுல என்ன வேலை?"ன்னா. அறையே அதிருது. அப்புறம் அவ இடத்துக்கு வந்து நின்னா. சிரிப்பு போயிடுச்சு. "எனக்கு அந்த முக்குல பயமா இருக்கு. நாலு வருஷமா பயமா இருக்கு"ன்னா. மனுவுல அன்னிக்கு நூத்திப் பன்னெண்டு கையெழுத்து.

இன்னொண்ணு. வார்டு பட்டியல் வந்துடுச்சு. இந்தத் தடவை நம்ம வார்டு பொது. உன் அண்ணன் பேப்பரைப் படிச்சுட்டு மடிச்சு வச்சார்.

அண்ணி

—

மார்ச் 18

அண்ணிக்கு,

நலம். அங்கே வெயில் ஏறியிருக்கும். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெரிய வழக்கு ஒன்று ஓடுகிறது, விரலுக்கு ஓய்வில்லை.

இடமில்லை என்று வெட்டியிருப்பார்கள். முழுப் பக்கப் படத்துக்கு இடம் வேண்டுமே.

வார்டு பொது ஆகிவிட்டதைச் சொன்னீர்கள். நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள், பத்து வருடம் சின்ன விஷயம் இல்லை. முழங்காலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியது போதும். பேர் நல்லபடியாக இருக்கும்போதே ஒதுங்குவது ஒரு அழகு.

எனக்கு இருபத்தோரு வயதில் அந்த வார்டில் இடைத்தேர்தல் வந்தது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அதற்கு அடுத்த வருடம்தான் நம் வீட்டுக்கு வந்தீர்கள். வேட்புமனுப் படிவத்தை வாங்கி வந்து பூர்த்தி செய்தேன். அப்பா படித்துப் பார்த்தார். "எழுத்து நல்லா இருக்கு" என்றார். "கல்யாணம் ஆகப்போற பொண்ணு பேரு சுவத்துல எல்லாம் வரலாமா?" என்றார். மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இப்போது அந்த இழுப்பறையில் நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

நான் ஒன்றும் வருத்தப்படவில்லை. அந்தக் காலம் அப்படி. உங்களுக்கு நல்ல காலம் வாய்த்தது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

—

மார்ச் 29

வக்கீலுக்கு,

சௌக்கியம். இழுப்பறையில ரப்பர் ஸ்டாம்பும் முழங்கால் மாத்திரையும் இருக்கு. படிவம் எதையும் நான் பார்க்கலை. பார்த்திருந்தா எடுத்து வச்சிருப்பேன்.

நான் நிக்கப் போறேன். உனக்குத்தான் முதல்ல எழுதறேன்.

உன் அண்ணன் இந்தத் தடவை கான்ட்ராக்டரை நிக்க வைக்கறதா அவருக்கு வாக்குக் கொடுத்துட்டாராம். "பெண்களுக்கான முறை முடிஞ்சது, இனிமே ஆம்பளைங்க பார்த்துப்பாங்க"ன்னார். "ஒதுக்கீடு எனக்குக் கதவைத் திறந்துவிட்டது. உள்ள வந்தவளை வெளிய போன்னு அதுல எங்க எழுதியிருக்கு?"ன்னு கேட்டேன். அன்னிலேர்ந்து சாப்பிடும்போது சுவத்தைப் பார்த்து உட்கார்றார். உப்பு வேணும்னாலும் சுவத்துகிட்டதான் கேக்கறார். நானும் சுவர் சார்பா எடுத்து வைக்கிறேன்.

மனுவுல முன்மொழியறவர் அந்த வார்டு வாக்காளரா இருக்கணும். போன ரெண்டு தடவையும் உன் அண்ணன் ஏற்பாடு பண்ணினார், நான் யோசிச்சதே இல்லை. இப்ப தையல்காரி போடறேன்னா. அவ வீட்டுக்காரர் வேலை செய்யறது கான்ட்ராக்டர்கிட்ட. அவளா வந்து, "அக்கா, போட்டுடுவேன், அப்புறம் அடுப்பு எரியாது"ன்னா. வேணாம்னுட்டேன். பள்ளிக்கூட ஆயா, மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டி, எல்லார் வீட்டுக்கும் உன் அண்ணன் எனக்கு முன்னாலயே போய்ட்டு வந்துட்டார். ஓட்டுப் பெட்டிக்குள்ள யாருக்கும் தெரியாது, போடுவாங்க. மனுவுல பேர் தெரியுமே.

போன வாரம் வாக்காளர் பட்டியலைப் புரட்டினேன். நீ கல்யாணமாகிப் போய் இத்தனை வருஷமாகியும் உன் பேரை மாத்தலை. நம்ம வீட்டு நம்பர்ல மூணாவது பேர். ஒவ்வொரு தேர்தலுக்கும் எட்டு மணி நேரம் பஸ்ல வந்து போட்டுட்டுப் போவியே.

வேட்புமனுவுக்குக் கடைசி நாள் ஜூன் ஆறு.

மணிக்கட்டு எப்படி இருக்கு?

அண்ணி

—

ஏப்ரல் 14

அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மணிக்கட்டுக்கு வைத்தியர் களிம்பு கொடுத்திருக்கிறார். பெரிய வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. இவர் புதிதாகக் கண்ணாடி மாற்றினார், படிப்பதற்கு ஒன்று, பார்ப்பதற்கு ஒன்று. இரண்டையும் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறார்.

அண்ணன் போன் செய்தார். நெடுநேரம் பேசினார். என் வேலை எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். இதற்கு முன்னால் கேட்டதாக நினைவில்லை.

பஸ்சில் எட்டு மணி நேரம் இப்போதெல்லாம் உட்கார முடிவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

—

ஏப்ரல் 15

அண்ணனுக்கு,

நலம். போனில் கேட்டதை எழுத்தில் தரச் சொன்னீர்கள்.

அண்ணி முதல் மூன்று வருடம் பேசிய பேச்செல்லாம் நான் எழுதிக் கொடுத்தவை. பத்திரிகையில் வந்த நாற்காலி யோசனையும் என்னுடையதுதான். பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லிக் கொடுத்தால் அண்ணி நன்றாகச் செய்வார். தனியாக நிற்கக்கூடியவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய உடம்புக்கும் ஓய்வு தேவை.

இது வீட்டுக்குள் இருக்கட்டும்.

உங்கள் தங்கை

—

மே 4

அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று அண்ணன் போன் செய்து, "வக்கீலு, உன் லெட்டர் நல்லா வேலை செஞ்சது. நகல் எடுத்து ரெண்டு தெருவுல படிச்சுக் காட்டினோம்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். பிறகு உங்களை நான்கு முறை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

எழுதியது நான்தான். ஆனால் அண்ணன் கேட்டதால்தான் எழுதினேன். வீட்டில் சண்டை வேண்டாம், அவளுக்குப் புரியவைக்க ஒரு வார்த்தை எழுதிக் கொடு என்று அண்ணன் சொன்னார். கான்ட்ராக்டருக்குக் கொடுத்த வாக்குப் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று அண்ணன் சொன்னார். உங்கள் முழங்காலைப் பற்றியும் அண்ணன் மிகவும் கவலைப்பட்டார். வீட்டுக்குள் இருக்கட்டும் என்று நான் தெளிவாக எழுதியிருந்தேன், அண்ணன் அதைக் காப்பாற்றவில்லை. இப்படிச் செய்வார் என்று நினைக்கவே இல்லை.

பதில் எழுதுங்கள்.

நாத்தனார்

—

மே 18

அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இரண்டு வாரமாகத் தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்க்கிறேன். அவர் என்னைக் கண்டாலே, "இன்னிக்கும் இல்லைங்க" என்று தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார்.

பேச்செல்லாம் நான் எழுதியது என்று சொன்னது முழு உண்மை இல்லை. முதல் இரண்டு பேச்சை எழுதினேன். மூன்றாவதிலிருந்து நீங்கள் நான் அனுப்பியதைப் படிக்காமல் உங்கள் போக்கில் பேசினீர்கள். அண்ணன் அப்போதே போனில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திட்டியாவது எழுதுங்கள்.

நாத்தனார்

—

மே 26

வக்கீலுக்கு,

உயிரோட இருக்கேன். முழங்காலும் இருக்கு.

உன் லெட்டரை முதல்ல நான் படிக்கலை, கேட்டேன். தண்ணிக் குழாய்கிட்ட நின்னுட்டிருந்தேன். கான்ட்ராக்டர் ஆள் ஒருத்தர் எதிர்வீட்டு வாசல்ல நின்னு சத்தமா படிச்சார். நான் இருக்கறது தெரிஞ்சுதான் படிச்சார். "தனியாக நிற்கக்கூடியவர் என்று எனக்குத் தோன்றவில்லை"ன்னு வந்ததும் நான் இடுப்புல ஏத்தின குடத்தை இறக்கி வச்சேன். நகலைக் கேட்டு வாங்கினேன். கையெழுத்தைப் பார்க்கணும்னு. பத்து வருஷமா எனக்குத் தைரியம் சொன்ன கையெழுத்து அது.

அப்புறம் வந்த உன் ரெண்டு லெட்டரையும் படிச்சேன். முதல் லெட்டர்ல அண்ணன் கேட்டார், அண்ணன் சொன்னார், அண்ணன் கவலைப்பட்டார். பென்சிலால கோடு போட்டு எண்ணினேன். ஆறு அண்ணன். நீ ஒரு இடத்துலயும் இல்லை. ரெண்டாவது லெட்டர் கடைசில கொஞ்சம் தலையை நீட்டறே.

இந்த மாதிரி பேச்சுக்கு எங்ககிட்ட ஒரு நாற்காலி இருக்கு. ஒரு கை உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலி. உனக்குத் தெரியும்.

வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பின் அறையில கூட்டம். பஸ் காலையில ஆறு மணிக்கு இருக்கு. வரணும்னு சொல்லலை. எப்ப, எங்கன்னு சொன்னேன்.

அண்ணி

—

ஜூன் 13

அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இடுப்பு இரண்டு நாள் கோபித்துக்கொண்டது, இப்போது சரி. உங்கள் தைலத்தை என் பைக்குள் போட்டு அனுப்பியதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

மூன்று நாள் உங்களோடு இருந்தும் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் சொன்னது சரி, நமக்குக் கையால்தான் வரும்.

அன்றைக்கு அந்த அறைக்குள் வந்தபோது இருபத்தெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் பிள்ளைகள் போட்ட பின்னக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. யார் நான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நீங்களும் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தையல்காரிதான் எழுந்து வந்தாள். "உட்காருங்க. முதல்ல உங்களைச் சொல்ல வச்சவரா பேசணும். அப்புறம் அந்தக் காலி இடத்துக்கு வந்து உங்களுக்காகப் பேசணும். பயப்படாதீங்க, யாரும் கடிக்க மாட்டோம், கேள்விதான் கேட்போம்" என்றாள்.

அண்ணனாக உட்கார்ந்தேன். வாட்சைத் தட்டினேன், தலையைச் சாய்த்தேன், "வக்கீலு, உனக்குத் தெரியாததா? அவளுக்கு எடுத்துச் சொல்ல உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றேன். அச்சு அசல் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்கே வேடிக்கையாக இருந்தது. கல்லூரிக்குப் பிறகு ஒரு கூட்டம் என் பேச்சுக்குச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த நாற்காலியிலேயே இருந்துவிடலாம் போல இருந்தது.

பிறகு நாலு அடி நடந்து என் இடத்துக்கு வந்தேன். அங்கே உட்கார்ந்ததும் ஒன்றும் வரவில்லை. தையல்காரி, "அவசரம் இல்லை, கூட்டம் ஆறு மணி வரைக்கும் இருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

எழுதித் தரச் சொன்னபோதே எனக்குத் தெரியும். நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவளுக்கு, கையெழுத்துப் போட்ட தாள் எங்கெங்கே போகும் என்று தெரியாதா? வீட்டுக்குள் இருக்கட்டும் என்று எழுதியது உங்களுக்காக இல்லை, பின்னால் காட்டுவதற்கு எனக்கு ஒரு வரி வேண்டியிருந்தது. இதைத்தான் அங்கே சொன்னேன். எனக்குப் பொறாமை என்றும் சொன்னேன். அந்த மேஜை, அந்தத் தெரு, என் பேச்சு, எல்லாம் என்னுடையது, இவள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று பத்து வருடமாக மனசு அரித்தது. நீங்கள் தோற்றால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "தோத்தா அந்த மேஜை உங்களுக்கு வந்துடுமா?" என்று பள்ளிக்கூட ஆயா கேட்டாள்.

தேர்தல் அலுவலகத்தில் நீங்கள் வெளியே நின்றிருந்தீர்கள், நடந்ததைக் கேளுங்கள். முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா, "வேட்பாளருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். "நாத்தனார்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சொந்த நாத்தனாரா?" என்றார். ஆமாம் என்றேன். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இதுக்கு முன்னால பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் சர்வீஸில் பார்த்ததில்லையாம்.

ஒன்று மட்டும் எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னபோது தையல்காரி என்னிடம், "இது எங்க மெம்பர் அக்கா கண்டுபிடிச்சது, பத்து வருஷமா நடக்குது" என்று புது ஆளுக்கு விளக்குவது போல விளக்கினாள். நான் தலையாட்டினேன். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஓட்டுப் போட வருகிறேன்.

நாத்தனார்

—

ஜூலை 20

வக்கீலுக்கு,

எல்லாரும் சுகம். நீ ஓட்டுப் போட்ட கையோட பஸ் ஏறிட்ட, முடிவை மட்டும் போன்ல சொன்னேன். மீதியை இப்ப எழுதறேன். முழங்காலைக் காட்டினேன். டாக்டர் "ஓய்வு எடுங்க"ன்னார். "அஞ்சு வருஷம் கழிச்சு வர்றேன்"னுட்டு வந்தேன்.

முப்பத்தோரு ஓட்டுல ஜெயிச்சேன். உன் லெட்டரைப் படிச்ச ரெண்டு தெருவும் ஒரே பூத். போன தடவை அங்க எனக்கு நூறு ஓட்டு அதிகம், இந்தத் தடவை அறுபது குறைச்சல். அதை மறைச்சு எழுதினா உனக்கு மரியாதை இல்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கு. சமைக்கும்போது வரும், போகும்.

உன் அண்ணன் இப்ப சுவரை விட்டுட்டு நேரா என்கிட்டயே உப்பு கேக்கறார். போன வெள்ளிக்கிழமை வண்டிச் சாவி கேட்டுக் கூட்டத்துக்கே வந்துட்டார். கதவோரம் ஒரு நாற்காலி காலியா இருக்கேன்னு உட்கார்ந்துட்டார். முப்பது பேரும் திரும்பினாங்க. "என்ன, எல்லாரும் என்னைப் பார்க்கறீங்க?"ன்னார். தையல்காரி, "ஒண்ணுமில்லை சார், உங்க இடம்தான், நல்லா சாய்ஞ்சு உட்காருங்க"ன்னா. அப்புறம் சிரிப்பு எங்க அடங்கறது? பாவம், தண்ணி கொண்டுவந்து கொடுத்தோம். குடிச்சுட்டுப் போனார்.

அவர் எந்திரிச்சுப் போனதும் நான் போய் அந்த நாற்காலியில உட்கார்ந்தேன்.

நிருபர் பொண்ணாட்டம் உட்கார்ந்தேன். நோட்டை விரிச்சு, "இடமில்லைங்க மேடம், அந்தப் பேரை எடுத்துடலாமா?"ன்னேன். எல்லாரும் புரியாம பார்த்தாங்க. எந்திரிச்சு என் இடத்துக்கு வந்தேன். அந்தப் பொண்ணு எதையும் வெட்டலை, உனக்கு நான் எழுதினது பொய், உன் பேரை நான் அவகிட்ட சொல்லவே இல்லைன்னு சொன்னேன். அவகிட்ட மட்டும் இல்லை, இந்த அறையில பத்து வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. நீ வந்து உட்கார்ந்தப்பவும் சொல்லலை. நீ உன்னதைச் சொன்னே, நான் தாளைப் பார்த்துட்டிருந்தேன். அந்தத் தாள்ல ஒண்ணுமே எழுதலை.

ஏன்னு கேக்காதே, நானே சொல்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் வாயைத் திறந்தா உங்கப்பா, "எங்க வக்கீலு இருந்திருந்தா இதை எப்படிச் சொல்லியிருப்பா"ம்பார். நல்லா பேசினா, நாத்தனார் எழுதிக் கொடுத்தது. நல்லா நடந்தா, வீட்டுக்காரர் பின்னால இருக்கார். நீ எழுதினதை மூணாவது கூட்டத்துல நான் ஏன் படிக்கலைன்னு நினைக்கிறே? நீ அனுப்பினது என்னோடதைவிட நல்லா இருந்தது. அதனாலதான் படிக்கலை. நாற்காலி ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும்னு நினைச்சேன். யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. அப்படியே என்னோடதாயிடுச்சு.

தையல்காரி, "அப்ப இத்தனை நாளா நாம உட்கார்ந்தது வக்கீலம்மா நாற்காலியா?"ன்னா. ஆமான்னேன். அவளே சாக்பீஸ் எடுத்து அதோட முதுகுல "வக்கீல்"னு எழுதிட்டா. இனிமே யாராவது அவர் சொன்னார்னா, "வக்கீல்கிட்ட போ"ன்னு சொல்லணுமாம். எல்லாருக்கும் அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆளாளுக்கு உன் பேரைச் சொல்லிச் சிரிக்கறாங்க.

சொல்லிட்டா மனசு லேசாயிடும்னுதான் சொன்னேன். ஆகலை. எல்லாரும் போனப்புறம் பெஞ்சையெல்லாம் ஒதுக்கி வச்சேன். கையில ஈரத் துணி இருந்தது, அந்த எழுத்து எதிர்லயே இருந்தது.

அழிக்கலை. அறையைப் பூட்டிட்டு வந்துட்டேன்.

அண்ணி